"ரெண்டு வருஷம் ஆர்மிக்கு அனுப்பினா சரியாயிடுவான்": தென்னாப்பிரிக்காவில் கட்டாய இராணுவ சேவை திரும்ப வருமா?

டர்பன் பக்கம், நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு சாவு வீட்டுப் பந்தலில் போய் உட்காருங்கள். பேச்சு கரண்ட் கட்டில் தொடங்கி, தண்ணீருக்குப் போய், வீடு புகுந்த திருட்டைத் தொட்டு, கடைசியில் பையன்களிடம் வந்து நிற்கும். ஷுகர்ஸ் என்ற மலிவுப் போதைப்பொருளைப் போட்டுவிட்டுத் தெருமுனையில் குந்தியிருக்கும் பையன்கள், மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்தும் வேலை கிடைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள். அப்போது ஒரு அங்கிள் சொல்வார்: "இவனுங்களை எல்லாம் ரெண்டு வருஷம் ஆர்மிக்கு அனுப்பணும் தம்பி. அப்பதான் சரியாவானுங்க." யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நானும் பல வருடம் தலையாட்டியவன்தான்.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இதே பேச்சு மேடைகளிலும் கேட்கிறது. 2010-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லிண்டிவே சிசுலு நாடாளுமன்றத்திலேயே தேசிய சேவைத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. ஆகவே இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எவ்வளவு பேர், எவ்வளவு பணம், எந்தச் சட்டம், யார் பயிற்சி கொடுப்பது? அதற்கு முன்னால், இந்த நாட்டில் கட்டாய சேவை என்பது யாருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பந்தலில் பேசும் அந்த அங்கிள் அந்த ஆர்மிக்குப் போனவர் கிடையாது. போக விடப்பட்டவரும் கிடையாது.

துப்பாக்கி கைக்கு வராத வரலாறு

1899-ல் போயர் போர் வெடித்தபோது காந்தி திரட்டிய நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் 800 பேர் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள், கரும்புத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். ஸ்பியான் கோப் மலையடிவாரத்திலிருந்து அடிபட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்து வந்தார்கள். பிறகு 1912-ல் வந்த பாதுகாப்புச் சட்டம், கட்டாயப் படைக் கடமை ஐரோப்பிய வம்சாவளியினருக்கே என்று வகுத்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியர், மலாயர் படைப்பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நம் ஆட்கள் லாரி ஓட்டினார்கள், சமைத்தார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். ஆயுதம் மட்டும் தரப்படவில்லை.

1970-களின் நடுவில் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கினார்கள். பிறகு கடற்படையின் கீழ் 'ஜல்சேனா' என்று பெயர் வைத்தார்கள். அது முழுக்க விருப்பத்தின் பேரில் சேர்கிறவர்களுக்கானது. நம் வட்டாரத்தில் அதில் சேர்ந்தவன் வீட்டுக்குச் சீருடையோடு வர யோசிப்பான். அது யாருடைய படை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் வெள்ளையர் வீடுகளில் கதை வேறு. 1967-லிருந்து எல்லா வெள்ளை இளைஞர்களுக்கும் ஒன்பது மாதக் கட்டாய சேவை. 1972-ல் அது ஒரு வருடம் ஆனது. 1977-ல் இரண்டு வருடம். 1980-களின் தொடக்கத்தில், அந்த இரண்டு வருடம் முடிந்த பிறகும் அடுத்த 12 வருடங்களில் மொத்தம் 720 நாள் 'கேம்ப்'புக்குப் போக வேண்டும் என்று சட்டம் நீண்டது. வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவனுக்கும் பழுப்பு உறையில் அழைப்பாணை வரும். நமீபியாவின் வட எல்லைக்கும் அங்கோலாவுக்குள்ளும் அனுப்பப்பட்டார்கள். 1984 அக்டோபரில் செபோகெங் என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பில் 7,000 படைவீரர்களை இறக்கி வீடுவீடாகச் சோதனை போட்டார்கள். எல்லையில் இருந்த போர் அன்று உள்ளூர்த் தெருவுக்கு வந்தது. 1993-ல் இந்தக் கட்டாய அழைப்பு முடிவுக்கு வரும் வரை ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் அதில் போயிருக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

"வெள்ளைக்காரன் பையனை ஆர்மி திருத்தியது" என்று நாம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறோம். உள்ளே இருந்தவர்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை. 1985 ஜனவரி அழைப்புக்கு மட்டும் 7,589 பேர் வராமல் போனதாக அன்றைய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1983-ல் கட்டாய சேவைக்கு எதிரான இயக்கம் உருவானது. 1988-ல் அரசு அதைத் தடை செய்தது. அதே ஆண்டில் டேவிட் புரூஸ் என்ற இளைஞர், நிறவெறி அரசின் படையில் சேர மாட்டேன் என்றதற்காக ஆறு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த ஆகஸ்டில் 143 பேர் ஒன்றாக நின்று மறுப்பை அறிவித்தார்கள். மத நம்பிக்கையால் போருக்கே எதிரானவர் என்று நிரூபித்தவருக்கு மாற்று வேலை கிடைத்தது. மனச்சாட்சி அரசியல் சார்ந்ததாக இருந்தால் சிறைதான்.

இங்கேதான் நம் கதை குறுக்கிடுகிறது. 1983-ல் பி. டபிள்யூ. போத்தா அரசு மூன்று அவை நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. வெள்ளை ஆட்கள் மட்டும் போதாமல் படை திணறிக்கொண்டிருந்த நேரம் அது. ஓட்டு வந்தால் பின்னாலேயே அழைப்பாணையும் வரும் என்பதைப் புரிந்துகொள்ள அரசியல் படிப்பு தேவைப்படவில்லை. நிறவெறியை எதிர்த்த நேட்டால் இந்தியர் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் இதை வீடுவீடாகச் சொன்னார்கள். அரை ஓட்டுக்காக உங்கள் பிள்ளையைக் கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப்பில் துப்பாக்கியோடு நிறுத்தப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. 1984 ஆகஸ்ட் 28-ல் நடந்த தேர்தலில், பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். கட்டாய சேவை கடைசிவரை இந்தியர்களுக்கு நீட்டிக்கப்படவில்லை.

ஓட்டுப் போடப் போகாமல் வீட்டில் இருந்ததுதான் அன்று நம் அம்மாக்களும் பாட்டிகளும் சொன்ன பதில். அதே வீடுகளிலிருந்து இன்று "ஆர்மிக்கு அனுப்பு" என்ற குரல் வருகிறது என்றால், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பயமும் களைப்பும்தான் அப்படிப் பேச வைக்கின்றன.

கணக்கு

இப்போது எண்களுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் 18 வயதை அடைகிறார்கள். நாட்டின் முழுப் பாதுகாப்புப் படையில் இருப்பவர்கள் 70,000 பேர் அளவில். அதாவது படையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எதிரே, வருடா வருடம் பதினான்கு புதுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். சமையல்காரர், குமாஸ்தா, மெக்கானிக், நர்ஸ் எல்லோரும் அந்த 70,000-க்குள் அடக்கம். பயிற்சி கொடுக்கத் தகுதியுள்ள சார்ஜென்ட் எத்தனை பேர் இருப்பார்?

பணத்தைப் பாருங்கள். பாதுகாப்புக்கு வருடத்துக்கு ஒதுக்கப்படுவது ஐம்பது பில்லியன் ராண்டைச் சற்றுத் தாண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. ஒரு பையனுக்குச் சாப்பாடு, படுக்கை, சீருடை, மருத்துவம், பயிற்சி, கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் 10,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காக வைத்த தொகை, குறைவான தொகை. பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்கு 120 பில்லியன் ராண்ட் ஆகிறது. இன்றைய பாதுகாப்பு பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. இது பாராக்ஸ் கட்டும் செலவைச் சேர்க்காமல்.

உண்மையான செலவு எப்படி ஏறும் என்பதற்கு ஒரு சான்று நம் வாசலிலேயே நடந்தது. 2021 ஜூலைக் கலவரத்தை அடக்க குவாசூலு-நேட்டாலிலும் கௌட்டெங்கிலும் 25,000 படைவீரர்களை இறக்க குடியரசுத் தலைவர் அனுமதி கொடுத்தார். ஒரு மாதத்துக்கு எதிர்பார்த்த செலவு 615 மில்லியன் ராண்டுக்கு மேல். வகுத்துப் பாருங்கள், தலைக்கு மாதம் 24,000 ராண்டைத் தாண்டுகிறது. களப்பணி பயிற்சியைவிடச் செலவு பிடித்தது என்பது சரிதான். ஆனாலும் என் 10,000 ராண்ட் எவ்வளவு சிக்கனமான கணக்கு என்பது இதில் தெரியும்.

"எல்லோரையும் வேண்டாம், பத்தில் ஒருவரை எடுக்கலாமே" என்று கேட்பீர்கள். அப்போதும் ஒரு லட்சம் பேர். இன்றுள்ள படையைவிடப் பெரிய எண்ணிக்கை. பத்துப் பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று வைத்தால் 10,000 பயிற்சியாளர்கள் வேண்டும். ஸ்வீடன் 2018-லிருந்து இப்படித்தான் செய்கிறது. எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பி, சிலரைச் சோதித்து, முதல் வருடம் 4,000 பேர் அளவுக்கு எடுத்தார்கள். ஆனால் அங்கே வடிகட்டி எடுத்தது உடல்நலமும் ஆர்வமும் உள்ளவர்களை. தெருமுனையில் குந்தியிருக்கும் பையனை அல்ல.

பந்தல் பேச்சு உடைகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நாம் யாரைத் திருத்த வேண்டும் என்று ஆர்மியைக் கூப்பிடுகிறோமோ, அவனை எந்தப் படையும் முதலில் கழித்துவிடும். இன்றைய விருப்பச் சேர்ப்பிலும் குற்றப் பதிவு இருக்கக் கூடாது, மருத்துவச் சோதனையில் தேற வேண்டும், மெட்ரிக் வேண்டும். ஷுகர்ஸ் பழக்கம் உள்ளவனைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தால், போதைப்பொருள் வியாபாரம் பாராக்ஸ் வாசலுக்கு இடம் மாறும். அவனுக்கு வேண்டியது மறுவாழ்வு மையத்தில் ஒரு கட்டில். அதற்காகச் சாட்ஸ்வொர்த்தின் தாய்மார்கள் வருடக்கணக்கில் கதறிக்கொண்டிருக்கிறார்கள்.

கூப்பிட வேண்டியதில்லை, வாசலில் நிற்கிறார்கள்

படைக்கு ஆள் வராததால் கட்டாயப்படுத்த வேண்டும் என்றால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். இங்கே நிலைமை நேர் எதிர். 2003-லிருந்து இராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. மெட்ரிக் முடித்த 18 முதல் 22 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி. பட்டதாரிகளுக்கு 26 வயது வரை. எடுப்பது சில ஆயிரம் பேரை, விண்ணப்பிப்பவர்கள் அதற்குப் பல மடங்கு. வேலையின்மை அப்படி. 2025-ன் முதல் காலாண்டில் 15 முதல் 34 வயது வரையில் 46.1 சதவீதம், 15 முதல் 24 வரையில் 62.4 சதவீதம் என்று புள்ளியியல் துறை சொன்னது. சீருடை போட ஆசைப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே, ஆசைப்படாதவர்களைப் பிடித்து வரச் சட்டம் போடுவதில் என்ன அர்த்தம்?

அந்த இரண்டு வருடம் முடிந்து வெளியே வருபவர்களில் ஒரு பகுதியைத்தான் நிரந்தரப் படை எடுத்துக்கொள்ள முடிகிறது. மேலே உள்ளவர்கள் ஓய்வு பெறாமல் வயதேறிக்கொண்டே போவதால் கீழே இடம் திறப்பதில்லை. மீதிப் பேர் பெரும்பாலும் போய்ச் சேருவது செக்யூரிட்டி வேலைக்கு. இந்த நாட்டில் பதிவு பெற்ற தனியார் காவலர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். போலீசையும் படையையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. நம் பிள்ளைகள் ஏற்கெனவே சீருடையில்தான் இருக்கிறார்கள், சம்பளம்தான் போதவில்லை. வருடம் ஒரு லட்சம் பேருக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்து, முடிவில் வேலை கொடுக்காமல் தெருவுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கே பயமாக இருக்கிறது.

2021 ஜூலையை நினைக்காமல் இதை எழுத முடியாது. போலீஸ் வரவில்லை. தெருவின் இரு முனையிலும் டயரைப் போட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் விழித்திருந்தோம். நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் மட்டும் 36 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், பலர் சுடப்பட்டு. "எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி இருந்திருந்தால் நிதானம் இருந்திருக்கும்" என்று அதற்குப் பிறகு சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரவுகளில் குறையாக இருந்தது குறிபார்க்கும் திறமை அல்ல. எதிரே நிற்பவன் யார் என்று கேட்கும் பொறுமையும், கூப்பிட்டால் வரும் போலீசும்தான் இல்லாமல் போயின. ஒன்றாகச் சேர்ந்து வாழ, வேலை செய்ய இளைஞர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்றால் அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த் பையனும் பக்கத்துக் கறுப்பின டவுன்ஷிப்பான உம்லாசி பையனும் ஒரே அறையில் ஆறு மாதம் படுத்து எழுந்தால் நல்லதுதான். அதற்குத் துப்பாக்கி எதற்கு?

சட்டத்தின் முன்னால்

1996 அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு ஒரே வரிதான். யாரையும் அடிமையாக்கவோ, கொத்தடிமையாக வைக்கவோ, கட்டாய வேலை வாங்கவோ கூடாது. 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களின் வழி வந்த நமக்கு அந்த வரியின் எடை தெரியும். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள், ஐந்து வருட ஒப்பந்தத்தில்.

இராணுவ சேவை இதில் அடங்குமா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆவது உடன்படிக்கை, கட்டாய இராணுவச் சட்டத்தின் கீழ் வாங்கப்படும் முழுக்க இராணுவத் தன்மையுள்ள பணியைக் கட்டாய வேலை என்று கொள்வதில்லை. கவனிக்க வேண்டியது 'முழுக்க இராணுவத் தன்மையுள்ள' என்ற சொற்களைத்தான். ஆனால் நம் அரசியல்வாதிகள் சொல்லும் திட்டங்களில் எல்லாம் பிள்ளைகள் ரோடு போடுவார்கள், ஆற்றைச் சுத்தம் செய்வார்கள், குழாய் பதிப்பார்கள். மக்களுக்குப் பிடிப்பதும் அந்தப் பகுதிதான். அதையே கட்டாயமாக்கினால், விதிவிலக்கின் நிழலிலிருந்து வெளியே வந்து கட்டாய வேலையாகிவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொரு பக்கம் 15-ஆவது பிரிவு மனச்சாட்சி உரிமையைக் காக்கிறது. ஆக, மறுப்பவர்களுக்குச் சிறை என்ற பழைய வழி மூடப்பட்டதாகவே கொள்ளலாம். 9-ஆவது பிரிவின் சமத்துவம் பெண்களையும் அழைக்கச் சொல்லும். "பையனை அனுப்பு" என்று சொல்லும் வீட்டில் பெண்ணையும் அனுப்பச் சம்மதிப்பார்களா என்பதை அந்த அங்கிளிடம்தான் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. மொரோக்கோ 2006-ல் கைவிட்ட கட்டாய சேவையை 2019-ல் திரும்பக் கொண்டுவந்தது, 12 மாதம், வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில். எரித்ரியாவில் 18 மாதம் என்று சட்டத்தில் எழுதியதை, 1998 எல்லைப் போருக்குப் பிறகு முடிவே இல்லாமல் நீட்டினார்கள். அதிலிருந்து தப்பி ஓடியவர்கள் தென்னாப்பிரிக்கா வரை வந்திருக்கிறார்கள்.

எதிரி யார், வேலை எது

ஸ்வீடனுக்கு அருகே ரஷ்யா இருக்கிறது. நம் எல்லையில் எந்த நாட்டுப் படையும் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா அருகே 14 தென்னாப்பிரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கே குறையாக இருந்தது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. வான்வழி ஆதரவு இல்லை, கனரக ஆயுதம் போதவில்லை, அடிபட்டவர்களை வெளியே கொண்டுவர வழியில்லை. இந்தப் படை அபாயகரமான சரிவில் இருக்கிறது என்று அரசின் பாதுகாப்பு மறுஆய்வு அறிக்கை 2014-லேயே சொல்லிவிட்டது. பறக்க முடியாத விமானத்துக்கு உதிரிப் பாகம் வாங்க வேண்டிய பணத்தை, பத்து லட்சம் ஜோடி பூட்சுக்குச் செலவழிப்பது படைக்கே துரோகம்.

இளைஞர்களுக்கு வேலை இல்லாத நாட்டில் செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும் குறைவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனதால் அங்கே மாதக்கணக்கில் டாங்கர் பின்னால் வாளியோடு ஓடினார்கள். அரசு 10,000 படைவீரர்களை அறிவித்தது. அன்று தேவைப்பட்டது பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மண் அள்ளத் தெரிந்த கைகள். 2020 டிசம்பரில் பள்ளி உதவியாளர் திட்டம் தொடங்கியபோது சில மாதங்களிலேயே சுமார் மூன்று லட்சம் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்குள் கொண்டுவர முடிந்தது. யாரையும் பிடித்து இழுக்கவில்லை, விண்ணப்பம் குவிந்தது. அதே முறையில் வெள்ளம், நெருப்பு, தண்ணீர்க் குழாய்க்கு என்று ஒரு விருப்பச் சேவைப் பிரிவு, பயிற்சி முடிவில் ஒரு தொழில் சான்றிதழோடு இருந்தால் போதும். இராணுவத் திறன் திட்டத்தின் இடங்களையும் இரண்டு மடங்காக்கலாம். கட்டாய சேவைக்கு ஆகும் பணத்தில் சிறு பகுதிதான் இதற்கெல்லாம் பிடிக்கும்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும் யாராவது ஹாலில் நின்று கட்டாய சேவை பற்றிப் பேசினால், நான் எழுந்து எண்களைக் கேட்பதாக இருக்கிறேன். எத்தனை பேர், எத்தனை பயிற்சியாளர், எந்தப் பணம், முடிந்த பிறகு எந்த வேலை.

சென்ற மாதம் பந்தலில் அப்படிப் பேசிய அங்கிளுக்கு ஒரு பேரன் இருக்கிறான். மெட்ரிக்கில் கணக்கிலும் அறிவியலிலும் தேறியவன். இரண்டு வருடமாக ஒரு மாலில் இரவுக் காவல் பார்க்கிறான். ஆர்மியில் சேர வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. தாத்தா பேசி முடித்த பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் வந்து, அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது தெரியுமா அங்கிள் என்று கேட்டான். வயது வரம்பு 22. அவனுக்கு வருகிற மார்ச்சில் 23 ஆகிறது.